கிட்டார் சத்தம் அமுங்குகிறதா, கரகரக்கிறதா? பழுது எங்கே என்று கண்டுபிடிக்கும் வழி

தீபாவளி நிகழ்ச்சிக்கு இரண்டே வாரம். சமூக மன்றத்தின் மாடி அறையில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. மூன்றாவது பாட்டின் நடுவில் என் கிட்டார் சத்தம் அமுங்கிப்போனது. நின்றுவிடவில்லை. ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) மேல் யாரோ கம்பளியைப் போட்டு மூடியதுபோல் பாதியாகிவிட்டது. ஒரு கார்டை ஓங்கி அடித்தேன். படபடவென்று ஒரு சத்தம், உடனே பழைய அளவுக்கு வந்துவிட்டது. பத்து நிமிடத்தில் மறுபடியும் அதே கதை. தபேலா வாசிக்கும் அண்ணன், "கேபிள்தான் தம்பி, மாத்திப் பாரு" என்றார்.

மாற்றினேன். பிறகு அடாப்டரை மாற்றினேன். கிட்டாரைப் பிரித்து வால்யூம் கன்ட்ரோலையும் மாற்றினேன். 140 வெள்ளி செலவான பிறகும் சத்தம் அமுங்கிக்கொண்டுதான் இருந்தது. கடைசியில் பழுது இருந்த இடம் ஆம்பின் பின்பக்கத்தில், நான் ஒருநாளும் எதையும் சொருகாத ஒரு ஜாக் (பிளக் நுழையும் ஓட்டை). அதைச் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதுமானதாக இருந்தது.

அதற்குப் பிறகு இதற்கென்று ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டேன். நண்பர்களின் கிட்டார்களுக்கும் அதே ஒழுங்குதான். பொருளை மாற்றுவதற்கு முன்னால் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். நான் பார்த்த பழுதுகளில் பெரும்பாலானவை உலோகமும் உலோகமும் தொட்டுக்கொள்ளும் இடங்களில்தான் இருந்தன: பிளக், ஜாக், சுவிட்ச், பற்றவைத்த முனை. நம் சிங்கப்பூர்க் காற்றின் ஈரம் முதலில் கைவைப்பதும் அங்கேதான்.

முதலில் காது கொடுத்துக் கேளுங்கள்

எந்தத் திருகையும் தொடும் முன், சத்தம் எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் அந்தக் கன்ட்ரோலுக்குள் அழுக்கு. நடக்கும்போதும் திரும்பும்போதும் படபடத்தால் கேபிள் அல்லது கிட்டாரின் ஜாக். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்போதே, சூடான எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் சடசடத்தால், அதுவும் கிட்டாரின் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்த பிறகும் நிற்கவில்லை என்றால், ஆம்பையோ பெடலையோ (சத்தத்தின் தன்மையை மாற்றக் காலால் அழுத்தும் சிறு பெட்டி) சந்தேகியுங்கள். சத்தம் இருக்கிறது, ஆனால் தகர டப்பாவுக்குள் வாசிப்பதுபோல் மெலிந்துபோயிருக்கிறது என்றால் பிக்கப்பின் (தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் உறுப்பு) சுருள் அறுந்திருக்கலாம். உம்ம் என்று இழுத்துக்கொண்டே இருந்தால் எர்த் பக்கம் பார்க்க வேண்டும்.

இன்னொன்று: சத்தம் உண்மையில் குறைந்திருக்கிறதா, கூர்மை மட்டும் மழுங்கியிருக்கிறதா? இரண்டும் காதுக்கு ஒன்றுபோலவே தோன்றும். டிரெபிள், அதாவது அந்தக் கூர்மை, போய்விட்டால் மற்ற வாத்தியங்களுக்கு நடுவே கிட்டார் கேட்காது. நாம் வால்யூம் போய்விட்டது என்போம்.

ஒரே ஒரு கேபிள்

1. ஆம்பின் வால்யூமைக் குறைத்து, அணைத்து, பெடல்கள் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்.
2. நன்றாக இருக்கிறது என்று நீங்கள் உறுதியாக அறிந்த ஒரு கேபிளில் கிட்டாரை நேராக ஆம்பில் சொருகுங்கள். உங்கள் கேபிள்மேல் சந்தேகம் இருந்தால் இன்னொருவருடையதைக் கடன் வாங்குங்கள்.
3. கிட்டாரின் குமிழ்கள் எல்லாம் பத்தில். ஆம்பின் டோன் குமிழ்கள் நடுவில்.
4. குறைந்தது பதினைந்து நிமிடம் வாசியுங்கள். விட்டுவிட்டு வரும் பழுது அவசரக்காரர்களுக்குப் பிடிபடாது. சில பழுதுகள் ஆம்ப் சூடேறிய பிறகுதான் தலைகாட்டும்.

பழுது தொடர்ந்தால் உங்களிடம் மிஞ்சியிருப்பது மூன்று பொருள்கள்: கிட்டார், கேபிள், ஆம்ப். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றிச் சரியாகிவிட்டால், எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. அடுத்த வாரம் அது திரும்பவும் வந்து நிற்கும்.

பழுது மறைந்துவிட்டால் அது பெடல் வரிசையில் இருக்கிறது. ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டாம், பாதி பாதியாகப் பிரியுங்கள். எட்டுப் பெடல் இருந்தால் முதல் நான்கை மட்டும் இணைத்துப் பாருங்கள். சரியாக இருந்தால் பழுது பின் நான்கில். அதை இரண்டாக்கி, பிறகு ஒன்றாக்கினால் மூன்று சோதனையில் ஆள் அகப்படும். பெடலோடு அதன் இருபக்கக் குட்டிக் கேபிள்களையும் சேர்த்தே சந்தேகியுங்கள். அச்சில் வார்த்த பிளக் உள்ள மலிவான குட்டிக் கேபிள்கள்தான் வரிசையில் மிகவும் பலவீனமானவை, பிரித்துப் பார்க்கவும் முடியாது.

கேபிள்

மல்டிமீட்டர் (மின் இணைப்பையும் தடையையும் அளக்கும் கருவி) ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விலை குறைந்ததே போதும். சிம் லிம் டவரில் கிடைக்கும். ரோச்சோர் எம்ஆர்டியிலிருந்து நடந்தே போகலாம். ஜாக், கன்ட்ரோல், ஈயக்கம்பி எல்லாமும் அங்கேயே கிடைக்கும்.

பீப் அடிக்கும் நிலையில் மீட்டரை வைத்து, ஒரு பிளக்கின் நுனியையும் மறு பிளக்கின் நுனியையும் தொடுங்கள். பீப் வர வேண்டும். ஒரு பிளக்கின் உலோக உடம்புக்கும் மறு பிளக்கின் உடம்புக்கும் அப்படியே. ஒரே பிளக்கின் நுனிக்கும் உடம்புக்கும் இடையில் பீப் வரக்கூடாது, வந்தால் உள்ளே இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தொட்டபடியே பிளக்கின் கழுத்தை மெல்ல வளைத்து ஆட்டுங்கள். பீப் விட்டுவிட்டு வந்தால் அந்தக் கழுத்துக்குள் கம்பி அறுந்திருக்கிறது. பிளக்கைத் திருகித் திறந்து, கம்பியை இரண்டு சென்டிமீட்டர் வெட்டிவிட்டுப் புதிதாகப் பற்றவையுங்கள். கேபிள் இன்னும் பல வருடம் வரும்.

நீளமும் ஒரு விஷயம். கிட்டார் கேபிள்களில் மீட்டருக்குச் சுமார் 100 பைக்கோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் (டிரெபிளைத் தேய்க்கும் மின்குணம்) இருக்கும். கிட்டாரிலிருந்து ஆம்ப் வரை எல்லாம் சேர்ந்து பத்து மீட்டருக்கு மேல் போய், நடுவில் பஃபர் (சிக்னல் தேயாமல் முன்னே அனுப்பும் சுற்று) எதுவும் இல்லை என்றால் டிரெபிள் தேய்ந்துவிடும். வரிசையின் ஆரம்பத்தில் ஒரு பஃபர் பெடலை வைத்தால் போதும்.

ஸ்பீக்கர் கேபிளும் கிட்டார் கேபிளும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். ஸ்பீக்கர் கேபிளில், இரைச்சலைத் தடுக்கக் கம்பியைச் சுற்றியிருக்கும் உறைவலை கிடையாது. அதைக் கிட்டாருக்குப் போட்டால் அறையில் உள்ள இரைச்சல் எல்லாம் உள்ளே வந்துவிடும். கிட்டார் கேபிளை ஸ்பீக்கருக்குப் போடுவது அதைவிட மோசம். மெல்லிய கம்பி சூடேறி, ஆம்பே கெட்டுப்போகலாம்.

கிட்டாருக்குள்

முதல் சந்தேகம் எப்போதும் வெளியீட்டு ஜாக்மேல்தான். அதன் நட்டு தளர்ந்திருக்கிறதா என்று விரலால் ஆட்டிப் பாருங்கள். தளர்ந்த ஜாக் ஒவ்வொரு தடவையும் சுற்றிச் சுற்றி உள்ளே உள்ள கம்பியை முறுக்கி அறுத்துவிடும். இறுக்கும்போது வெளியிலிருந்து மட்டும் திருகாமல், தகட்டைக் கழற்றி ஜாக்கை உள்ளே பிடித்துக்கொண்டு இறுக்குங்கள். பிளக்கின் நுனியைப் பிடிக்கும் அந்த வளைந்த தகடு நாளடைவில் அகன்றுவிடும். இடுக்கியால் ஒரு மயிரிழை உள்ளே வளைத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள்.

அடுத்தது கன்ட்ரோல்கள். உள்ளே கார்பன் பூசிய ஒரு பாதை, அதன்மேல் ஓடும் ஒரு சிறு தகடு. அவ்வளவுதான். அந்தப் பாதையில் தூசியும் ஆக்சைடும் படிந்தால் கரகரக்கும். கன்ட்ரோலின் பக்கவாட்டில், கம்பிகள் வெளிவரும் இடத்தில் ஒரு சிறு இடைவெளி இருக்கும். அதில் கான்டாக்ட் கிளீனரை அரை நொடி அடித்து, குமிழை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை முப்பது தடவை திருப்புங்கள். துருப்பிடித்த திருகுக்கு அடிக்கும் சாதாரண எண்ணெய் ஸ்பிரேயைப் பயன்படுத்த வேண்டாம். அன்றைக்குச் சரியாகிவிட்டதுபோல் இருக்கும், ஆனால் மிஞ்சும் எண்ணெய் தூசியைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

சுத்தம் செய்தும் போகவில்லையா? கிட்டாரில் கேபிளைச் சொருகி, மறுமுனையின் நுனியிலும் உடம்பிலும் மீட்டரை வைத்து ஓம் அளவைப் பாருங்கள். ஸ்ட்ராடோகாஸ்டர் வகைச் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் என்றால், வால்யூம் பத்தில் இருக்கும்போது சுமார் 6 கிலோஓம் காட்டும். ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) என்றால் பெரும்பாலும் 7 முதல் 9 வரை, சத்தம் அதிகம் தரும் பிக்கப்புகளில் இன்னும் அதிகம். இப்போது வால்யூமை மிக மெதுவாகக் குறையுங்கள். 250 கிலோஓம் கன்ட்ரோலில் எண் ஏறிக்கொண்டே போய், வழியில் ஓரிடத்தில் 60 கிலோஓம் பக்கம் தொட்டு, பிறகு இறங்கிப் பூஜ்யத்துக்கு வரும். ஏறி இறங்குவது வழுவழுவென்று இருக்க வேண்டும். எங்காவது எண் துள்ளிக் குதித்தால் அந்த இடத்தில் கார்பன் தேய்ந்திருக்கிறது. கன்ட்ரோலை மாற்றத்தான் வேண்டும். சிங்கிள் காயிலுக்கு வழக்கமாக 250, ஹம்பக்கருக்கு 500.

வால்யூம் பத்தில் இருக்கும்போதே 6க்குப் பதிலாக 250 காட்டினால் பிக்கப் சுருள் அறுந்திருக்கிறது, அல்லது அதன் கம்பி விட்டுப்போயிருக்கிறது. தகர டப்பாச் சத்தத்துக்குக் காரணம் அதுதான். எல்லாப் பிக்கப்பையும் சுவிட்ச் மாற்றி மாற்றி அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நிலையில் மட்டும் எண் ஆடினால் சுவிட்சைச் சுத்தம் செய்யுங்கள்.

கிட்டாரின் தந்திகளைத் தொடும்போது உம்ம் சத்தம் குறைந்தால் பயப்பட வேண்டாம். கிட்டார் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் எர்த்தில் சேர்ந்திருக்கிறது. தொட்டும் எந்த மாற்றமும் இல்லை என்றால் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் கம்பி அறுந்திருக்கலாம். தொட்டவுடன் சத்தம் கூடினால் ஜாக்கில் இரண்டு கம்பிகளும் இடம் மாறியிருக்கின்றன. யாராவது பழுதுபார்த்த பிறகு இது வரும்.

ஈஎம்ஜி போன்ற ஆக்டிவ் பிக்கப் என்றால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் 9 வோல்ட் பேட்டரியைப் பாருங்கள். 8க்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள். சத்தம் குறைந்து, ஓங்கி அடிக்கும்போது உடைவதுதான் அதன் அறிகுறி. இந்தக் கிட்டார்களில் கேபிளைச் சொருகினாலே பேட்டரி ஓட ஆரம்பிக்கும். வாசித்து முடித்ததும் கழற்றி வையுங்கள்.

பெடல்களும் அவற்றின் மின்சாரமும்

பெடலில் வரும் இரைச்சலுக்கு மின்சாரமே காரணமா என்று அறிய எளிய வழி இருக்கிறது. பேட்டரி போடும் வசதி உள்ள பெடலாக இருந்தால் அடாப்டரைக் கழற்றிவிட்டுப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் பெடல்மேல் குற்றமில்லை.

ஒரே அடாப்டரிலிருந்து கிளைபிரித்து ஐந்தாறு பெடலுக்குக் கொடுப்பவர்கள் நம்மில் அதிகம். பழைய மாதிரி ஓவர்டிரைவ் (சத்தத்தைக் கரடுமுரடாக்கும் பெடல்) சில மில்லிஆம்பியர்தான் குடிக்கும். டிஜிட்டல் டிலே (எதிரொலி தரும் பெடல்) நூற்றுக்கும் மேல் கேட்கும். இரண்டையும் ஒரே கிளையில் போட்டால் கொசு ரீங்காரம்போல் மெல்லிய விசில் கேட்கும். மொத்தத் தேவை அடாப்டரின் அளவைத் தாண்டினால் சத்தமே தொய்ந்துவிடும். ஒவ்வொரு வழியும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட பவர் சப்ளைதான் இதற்கு நிரந்தரத் தீர்வு. பெடல்களுக்கு அடுத்தடுத்துச் செலவழிப்பதைவிட இதற்குச் செலவழிப்பது எவ்வளவோ மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

வால்யூம் பெடலில் ஒரு கண்ணி இருக்கிறது. 250 கிலோஓம், 25 கிலோஓம் என்று இரண்டு வகை விற்கிறார்கள். 25ஐக் கிட்டாருக்கு நேர் பின்னால் வைத்தால் சத்தமும் டிரெபிளும் சேர்ந்து குறையும். அது பஃபருக்குப் பின்னால் வைக்க வேண்டியது.

ஆம்ப்: யாரும் பார்க்காத அந்த ஜாக்

பல ஆம்புகளின் பின்னால், பெடல்களை ஆம்பின் இரு பாதிகளுக்கு நடுவே இணைக்க, எஃபெக்ட்ஸ் லூப் என்று இரண்டு ஓட்டைகள் இருக்கும்: செண்ட், ரிட்டர்ன். ரிட்டர்ன் ஜாக்குக்குள் ஒரு சிறு தகடு உண்டு. எதுவும் சொருகாதபோது அந்தத் தகடுதான் முன்பாதிச் சிக்னலைப் பின்பாதிக்குக் கடத்துகிறது. லூப்பைப் பயன்படுத்தாதவர்களுடைய சிக்னலும் அந்தத் தகட்டின் வழியாகத்தான் போகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. வருடக்கணக்கில் பிளக்கே நுழையாததால் தகடு உரசிச் சுத்தமாவதில்லை. அதன்மேல் மெல்லிய ஆக்சைடு படலம் வளர்கிறது. சின்னச் சிக்னல் அந்தப் படலத்தைத் தாண்ட முடியாமல் தவிக்கிறது. ஓங்கி அடித்த கார்டு அதைக் கிழித்துக்கொண்டு போகிறது. என் ஒத்திகையில் நடந்தது இதுதான்.

சோதனை: ஒரு குட்டிக் கேபிளை எடுத்துச் செண்டிலிருந்து ரிட்டர்னுக்குச் சொருகுங்கள். சத்தம் நிலையாக நின்றுவிட்டால் பழுது அந்தத் தகட்டில். மிக்ஸ் குமிழ் உள்ள பேரலல் லூப்பில் (சிக்னலின் ஒரு பகுதி லூப்புக்குப் போகாமல் நேராகவே போகும் வகை) இந்தச் சோதனையை நம்ப முடியாது. சரிசெய்ய, ஆம்பை அணைத்து, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு பிளக்கின்மேல் கான்டாக்ட் கிளீனரை லேசாகத் தெளித்து, ரிட்டர்ன் ஜாக்கில் இருபது முப்பது தடவை சொருகி எடுங்கள். அரை மணி நேரம் காயவிடுங்கள்.

இதே தகடு சின்னப் பயிற்சி ஆம்புகளின் ஹெட்போன் ஜாக்கிலும் உண்டு. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இரவு வாசிக்கும் நமக்கு ஹெட்போன் இல்லாமல் முடியாது. ஹெட்போனில் நன்றாகக் கேட்டு, ஸ்பீக்கரில் மட்டும் படபடத்தால் முதலில் அந்த ஜாக்கைச் சுத்தம் செய்யுங்கள்.

வால்வ் ஆம்பில் (கண்ணாடிக் குழாய்களால் ஓடும் ஆம்ப்) கடுகு வெடிக்கும் சத்தம் வந்தால், கண்ணுக்குத் தெரியும் 12ஏஎக்ஸ்7 என்னும் சிறு வால்வுகளைப் பென்சிலின் மரப்பக்கத்தால் மெல்லத் தட்டிப் பாருங்கள். தட்டும்போது மணி அடிப்பதுபோல் ஸ்பீக்கரில் பெரிதாகக் கேட்டாலோ வெடித்தாலோ அந்த வால்வு சந்தேகத்துக்குரியது. அணைத்து, ஆறவிட்டு, இன்புட் ஜாக்குக்கு அடுத்த வால்விலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக நல்ல வால்வை மாற்றிப் பாருங்கள். ஈஎல்34, 6எல்6 போன்ற பெரிய வால்வுகளை மாற்றினால் பயாஸ் (வாசிக்காதபோதும் வால்வில் ஓடும் மின்னோட்டத்தின் அளவு) பார்க்க வேண்டும். அது தெரிந்தவர் வேலை.

ஆம்பின் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். வால்வ் ஆம்புக்குள் 400 வோல்ட் பக்கம் மின்சாரம் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். உயிரை எடுக்கும் அளவு அது. ஸ்பீக்கரை இணைக்காமல் வால்வ் ஆம்பை ஓட்டவும் கூடாது.

சுவர் மின்சாரம்

சிங்கப்பூரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அடித்தொண்டையில் வரும் உம்ம் சத்தம் பெரும்பாலும் இந்த 50 அல்லது அதன் இரட்டிப்பான 100. அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த 120 வோல்ட் ஆம்புக்கு டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருப்பவர்கள், அது எர்த்தையும் கடத்துகிறதா என்று பாருங்கள். இரண்டு முள் மட்டும் உள்ளவை கடத்தாது. ஊரிலிருந்து கொண்டுவந்த இந்திய பிளக்கைப் பயண அடாப்டரில் சொருகினாலும் இதே ஆபத்து உண்டு.

உம்ம் சத்தத்தை நிறுத்துவதற்காக எர்த் கம்பியைக் கழற்றிவிடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். யார் சொன்னாலும் செய்யாதீர்கள். மைக்கில் உதடு பட்டதும் சுரீர் என்றால் வாசிப்பதை அந்த நொடியே நிறுத்தி, மின்சாரத்தை அணையுங்கள்.

கணினியில் வாசிப்பவர்களுக்கு இரண்டே விஷயம். ஆடியோ இன்டர்ஃபேஸில் (கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) இன்ஸ்ட்ருமெண்ட் சுவிட்சைப் போட்டிருக்கிறீர்களா? லைன் நிலையில் கிட்டார் மெலிந்து மழுங்கித்தான் கேட்கும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றினால் இரைச்சல் நிற்கிறதா? நின்றால் பேட்டரியிலேயே பதிவு செய்யுங்கள்.

ஈரம்

இங்கே விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத நாளின் பிற்பகலில் 60 பக்கம் இறங்கும். கிட்டாருக்கு நல்லது 45 முதல் 55 வரை. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு, நிறம் மாறியதும் காயவைத்துப் பயன்படுத்துங்கள். கேபிள்களையும் அதே பெட்டியில் வையுங்கள். ஏர்கான் அறையிலிருந்து நேராக வாய்ட் டெக்கில் (அடுக்குமாடியின் திறந்த கீழ்த்தளம்) நடக்கும் நிகழ்ச்சிக்குப் போகிறீர்கள் என்றால், அங்கே போய் இருபது நிமிடம் கழித்துப் பெட்டியைத் திறங்கள். குளிர்ந்த உலோகத்தின்மேல் வெளிக்காற்று பட்டவுடன் வியர்க்கும். ஜாக்குக்குள்ளும் அதே வியர்வைதான். பயன்படுத்தாத ஜாக்குகளில் மாதம் ஒருமுறை பிளக்கை நாலைந்து தடவை சொருகி எடுத்தால் படலம் பிடிக்காது.

பழுதுபார்ப்பவரிடம் கொடுக்கும்போது

இவ்வளவு பார்த்தும் பிடிபடவில்லை என்றால், "சத்தம் வரலை அண்ணே" என்று மட்டும் சொல்லி ஆம்பைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். அவர் மேசையில் வைக்கும்போது அது நன்றாக வேலை செய்யும், இரண்டு நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுப்பார். ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: போட்ட எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது, ஓங்கி அடித்தால் திரும்புகிறதா, லூப்பில் கேபிள் போட்டபோது என்ன ஆனது, எந்த வால்வை மாற்றிப் பார்த்தீர்கள், வேறு கிட்டாரிலும் வந்ததா. கைப்பேசியில் அந்தச் சத்தத்தைப் பதிவுசெய்து அதையும் போட்டுக் காட்டுங்கள்.